பள்ளியை விட்டு ஓடப் போனேன், எழுத்துத் தேர்வில் விழுந்தேன்

குன்னூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ராணுவ மையம் பார்த்துப் பார்த்து வளர்ந்த இடம். ராணுவத்தின் நான்கு ஆண்டுப் பணியான அக்னிவீரில் பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம் போதும் என்று அறிந்ததும், 2023 ஜனவரியில் பிளஸ் 1 பாதியில் நின்றுவிட்டேன். கூடவே நண்பன் ஒருவனும் நின்றான்.

விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். தேயிலைத் தோட்டச் சாலையில் மூச்சு புகையாக வர ஓடுவோம். கொழுந்து எடுக்கப் போகும் அம்மா, எனக்கென்று ஒரு முட்டையை அவித்து மூடி வைத்திருப்பார். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிவிட்டேன்.

அந்த ஓட்டத்தை யாரும் பார்க்கவே இல்லை. அந்த ஆண்டுதான் கணினிவழி எழுத்துத் தேர்வை முதலில் வைத்தார்கள். அதில் தேறியவர்களுக்கே மைதானம். ஒரு மணி நேரம், 50 கேள்விகள், தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும். சதவீதக் கணக்குகளில் தடுமாறி, ஊகித்துக் குறித்தே கெட்டேன்.

தம்பிகளே, ஒன்றை யோசியுங்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்குப் பணி முடிவில் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். பணியில் இருந்தபடியே பன்னிரண்டாம் வகுப்புச் சான்று பெறவும் வழி உண்டு. இவை எல்லாம் தேர்வானவனுக்கு. தேறாமல் வீடு திரும்பியவன் கையில் பத்தாம் வகுப்புச் சான்று மட்டுமே மிஞ்சும். என் நண்பன் இன்று மேட்டுப்பாளையத்தில் காய்கறி மூட்டை ஏற்றுகிறான். என்னைவிட வேகமாக ஓடியவன் அவன்.

ஜூனில் மறுபடி பிளஸ் 1 சேர்ந்தேன். என்னைவிட இளையவர்களோடு உட்காரும் கூச்சம் ஒரு மாதத்தில் போய்விட்டது. ஓட்டத்தை விடவில்லை: காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, பிறகு பள்ளி. தினமும் பத்துக் கணக்கு. பிளஸ் 2 முடித்தால் எழுத்தர் பிரிவுக்கும் வழி உண்டு. அதற்கு மொத்தம் 60 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 50 சதவீதமும் வேண்டும். 2025-ல் ஆள்சேர்ப்புத் தேர்வு ஜூன் 30-ல்தான் தொடங்கியது. மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்த பின் ஏறக்குறைய மூன்று மாதம் முழுதாகக் கிடைத்தது. இந்த முறை எழுத்துத் தேர்வில் தேறினேன்.

பாதியில் நின்றவர்கள் ஜூன் தொடக்கத்திலேயே பெற்றோரோடு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். என்னோடு வந்த அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.