சட்டையைத் தானே போடுவான்

25 ஜூன் 2024, செவ்வாய்

பென்ஷன் மஸ்டரிங் இன்றைக்கு ஆரம்பம், ஆகஸ்ட் 24 வரை. பென்ஷன் வாங்குகிற ஆள் உயிரோடு இருக்கிறார் என்று விரல் ரேகையோ கண்ணோ வைத்துக் காட்டுவதுதான் மஸ்டரிங். கூட்டம் சேரும் முன்னே முடிப்போம் என்று மகன் சின்னுவைக் கூட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறை அக்ஷயாவுக்கு, கேரளா அரசாங்கத்தின் இ-சேவை மையத்துக்கு, போனேன். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. விரல் நுனியைக் கடித்துக் கடித்து ரேகையே இல்லை. கண்ணைக் காட்டச் சொன்னால் இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறான். பின்னால் நின்ற பாட்டிகள் எல்லாரும் சேர்ந்து "கண்ணத் தொற சாமி, கண்ணத் தொற" என்று கெஞ்ச, அவனுக்கு இன்னும் சிரிப்பு.

அங்கிருந்த பெண் நல்லவள். "சேச்சி, வீட்டுக்கே வந்து எடுக்கிறேன், 50 ரூபாய். இங்கேன்னா 30" என்றாள். அதோடு நிற்காமல், அவனுடைய பழைய மாற்றுத்திறன் சர்டிபிகேட்டைப் புரட்டியவள் கேட்டாள்: "இவனுக்கு 18 முடிஞ்சதா?"

போன மாசம் முடிந்தது. பாயசம் வைத்தோம். சர்டிபிகேட் ஞாபகம் வரவில்லை.

28 ஜூன், வெள்ளி

சின்னு போகிற பட்ஸ் ஸ்கூல் (இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி) டீச்சரிடம் கேட்டேன். அறிவுசார் குறைபாட்டுக்குச் சின்ன வயசில் கொடுக்கிற சர்டிபிகேட்டை 5, 10, 18 வயசுகளில் புதுப்பிக்கணுமாம். 18ல் வாங்குவது ஆயுசுக்கும் செல்லும். அதனால் மறுபடி சைக்காலஜிஸ்ட், மறுபடி மெடிக்கல் போர்டு.

சின்னுவுக்கு 10 வயசில் குறைபாடு 75 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். 40க்குக் கீழே போனால் பென்ஷன் கிடையாது. வைன்லாண்ட் என்று ஒரு அளவுகோல், அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறான் என்று அளக்க. அதில் மார்க் 36லிருந்து 54க்குள் வந்தால் 75 சதவீதம், 55லிருந்து 69 வந்தால் 50, அதையும் தாண்டி 84க்குள் நின்றால் 25. பள்ளிக்கூடத்தில் மார்க் ஏறினால் மிட்டாய் கொடுப்பார்கள். இங்கே ஏறினால் பிடுங்குவார்கள்.

7 ஜூலை, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து தங்கச்சி வந்தாள். அவள் கொழுந்தன் மகனுக்கும் இதே குறைபாடு. அங்கே பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000, போன வருஷம் ஜனவரியிலிருந்து. இங்கே 1600, அதிலும் மாசக்கணக்கில் பாக்கி.

"என்ற வீட்டு அட்ரசுக்கு ஆதாரை மாத்துக்கா. கோபாலபுரம் செக்போஸ்ட்டத் தாண்டுனா 400 ரூவா கூட" என்றாள்.

யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இந்தியா முழுக்கச் செல்லும்; பென்ஷன் மட்டும் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். வீட்டுக்காரர் தேங்காய் உரித்துக்கொண்டே கேட்டார்: "ரேஷன் கார்டு இங்க, ஸ்கூல் இங்க. நாளைக்கு ஒரு ஆள் வந்து பையன் எங்கன்னு கேட்டா, அம்மிணி, நீ என்ன சொல்லுவ?" தங்கச்சி பதில் பேசாமல் முறுக்கைக் கடித்தாள். எனக்கு அந்த 400 ராத்திரி வரைக்கும் மனசில் ஓடியது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

10 ஜூலை, புதன்

வருமானச் சான்று. பென்ஷன் வேண்டுமென்றால் குடும்ப வருமானம் வருஷம் ஒரு லட்சம்தான் உச்சம். தோப்பு வேலைக் கூலியை 365ஆல் பெருக்கப் பார்த்தார் ஆபீஸில் ஒருவர். மழைக்காலத்தில் தோப்பில் யார் கூப்பிடுகிறார்கள் என்று மலையாளத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்கு மலையாளம் நன்றாக வருகிறது.

18 ஜூலை, வியாழன்

சைக்காலஜிஸ்ட். சின்ன வயசுப் பெண். அவள் மலையாளத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, இரண்டு பேருக்கும் புரிந்தது.

தானே குளிப்பானா? கக்கூஸ் போனால் கழுவிக்கொள்வானா? கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவானா? மணி பார்ப்பானா? கிணற்றுப் பக்கம், ரோட்டுப் பக்கம் தனியாக விட முடியுமா?

வழியெல்லாம் மனசில் சொல்லிக்கொண்டே போயிருந்தேன்: மாட்டான், தெரியாது, முடியாது. "சட்டை பொத்தான் போடுவானா?" என்று கேட்டாள். "மாட்டானுங்க" என்றேன்.

பொத்தான் என்கிற சொல் அவனுக்குத் தெரியும். மூன்று வருஷம் டீச்சர் பழைய தலையணை உறையில் பெரிய பொத்தான் தைத்துப் பழக்கிய சொல். எழுந்து நின்றான். மேலிருந்து கீழே ஆறு பொத்தானையும் கழற்றினான். நாக்கை வெளியே நீட்டியபடி ஆறையும் திரும்பப் போட்டான். ஒன்று தப்பி, சட்டை கோணலாகத் தொங்கியது. கைதட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தான். வீட்டில் எப்போதும் தட்டுவேன்.

தட்டவில்லை. அந்தப் பெண்தான் தட்டினாள். அப்புறம் எழுதிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தான். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

30 ஜூலை, செவ்வாய்

வயநாட்டில் மலை இடிந்துவிட்டது. முண்டக்கை, சூரல்மலை. காலையிலிருந்து டிவி முன்னால். எழுத ஒன்றும் ஓடவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

போர்டு. காலை எட்டு மணிக்குப் போய் மூன்றரை வரை காத்திருப்பு, உள்ளே நாலு நிமிஷம். அவன் பெயரைக் கேட்டார்கள், சொன்னான். ஒரு பத்து ரூபாய் நோட்டையும் நூறு ரூபாய் நோட்டையும் காட்டி எது பெரிசு என்றார்கள். பத்து ரூபாயை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். டாக்டர் சிரித்துவிட்டார்.

75 சதவீதம், நிரந்தரம். பொத்தான் ஒரு கேள்விதானே. பணம், மணி, ரோடு, கிணறு எல்லாம் அப்படியே இருக்கிறது. நான் சொன்ன பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. சந்தோஷத்தில் அவருக்கு போன் போட்டுக் கத்தினேன், 75 என்று. பக்கத்தில் இருந்தவர்கள் பரீட்சை ரிசல்ட் என்று நினைத்திருப்பார்கள்.

17 ஆகஸ்ட், சனி

அக்ஷயாப் பெண் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சின்னு திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு தயார். வீட்டுக்காரர் வாசலில் நின்று பஸ் கண்டக்டர் மாதிரி கயிறை இழுத்து "டிங் டிங்" என்றார். பஸ் எங்கே என்று கண்ணை அகல விரித்தான். அந்த நொடி பிடித்துவிட்டாள். மஸ்டரிங் முடிந்தது. அடுத்த வருஷமும் இதே டிங் டிங்தான்.

19 ஆகஸ்ட், திங்கள்

புதுச் சர்டிபிகேட்டைக் காட்டப் பேங்குக்குப் போனேன். 18 ஆகிவிட்டதால் அம்மா என்கிற கையெழுத்து இனிமேல் செல்லாதாம். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. அதன்படி கலெக்டர் தலைமையில் உள்ள கமிட்டி என்னைக் கார்டியன் என்று எழுதிக் கொடுக்கணும். மனுவோடு என்ன வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிவந்தேன். முதலில் இருப்பது 75 சதவீத சர்டிபிகேட். அதைப் பத்துக் காப்பி எடுத்தாயிற்று.