முள்ளுக்கு மஞ்சள் பூசிய கதை

அப்பாவின் எச்.எம்.டி. பைலட் வாட்ச் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கை சும்மா இருக்காமல் அதைத் திறந்தேன். டயலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று முள்ளைக் கழற்றும்போது நிமிட முள் மடங்கி, அதிலிருந்த ரேடியம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. (இருட்டில் ஒளிர்கிற எதுவானாலும் நம் ஊர் வாட்ச் கடையில் அதற்கு ரேடியம் என்றுதான் பெயர்.) ஈரத்துணியால் பொடியை ஒற்றி எடுத்து, கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அப்பா அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வர 9 நாள் இருந்தது.

புது முட்கள் ஒரு செட் 250 ரூபாய். என் கையைப் பற்றி எனக்கே தெரியும் என்பதால் 3 செட் வாங்கினேன். வைத்துப் பார்த்தால் எனக்கே பொறுக்கவில்லை. கறுப்பு டயலில் எண்களெல்லாம் உருக்கிய நெய் நிறத்துக்குப் பழுத்திருக்க, முட்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று, தாத்தாவுக்குப் புதுப் பல்செட் மாட்டிய மாதிரி இளித்தன.

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. புது உதிரிப் பாகத்தைப் பழசு போலக் காட்டுவது. தானாக வயதாகி வருகிற அழகுக்குப் பட்டினா என்று பெயர். செயற்கையாக வரவழைத்தால் ஃபாக்ஸ்டினா. வெளிநாட்டில் ரோலெக்ஸ் வைத்திருப்பவர்களே கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசல் வளையத்தைத் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போட்டு, நல்ல நீலத்தைச் சாயம்போன நீலமாக்கிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் நேர் எதிர். மும்பையில் பழைய எச்.எம்.டி. டயலுக்குப் பெயின்ட் அடித்து, கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் புதுசு என்று விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் அதைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த வகையில் நான் நேர்மையானவன், பழசைப் பழசாகத்தானே காட்டப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவியிடம் விளக்கினேன். "பட்டினாவா, பட்டினியா? காலையிலிருந்து சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்களே" என்றாள்.

முதல் மருந்து காபி டிகாக்‌ஷன். அம்மா ஃபில்டரில் இறக்கி வைத்திருந்த முதல் டிகாக்‌ஷனில் ஒரு ஸ்பூன் களவாடினேன். பல்குச்சி நுனியில் தொட்டு முள்ளில் வைத்தால், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓரத்துக்குப் போய் நின்றது. ரேடியத்தைக் குழைத்த பசையில் ஈரம் ஊறுவதாக இல்லை. ஆறேழு தடவை வைத்து, காயவிட்டு, திரும்ப வைத்தேன். கடைசியில் முள் வெள்ளையாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் எறும்பு மொய்த்தது போல ஒரு கோடு. இரண்டு நிஜ எறும்புகளும் வந்தன.

சரி, சூடு காட்டலாம் என்று தோன்றியது. அலுமினியத் தாளில் முட்களை வைத்து, தோசைக்கல்லைச் சின்னத் தீயில் ஏற்றினேன். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது நிமிடம் லேசாக நிறம் மாறத் தொடங்கியது. ஆஹா, இதுதான் என்று லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிவதற்குள் ரேடியம் அப்பளம் மாதிரி குமிழ் விட்டது. மணி முள் கருகியது. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, அதுல நாளைக்கு நான் தோசை வார்க்கணும்" என்றாள். கல்லைப் புளி போட்டுத் தேய்த்தது நான்தான். முதல் செட் காலி.

இந்த இடத்தில், பழைய ரேடியம் ஏன் தானாகப் பழுக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முன்காலத்து வாட்சுகளில் துத்தநாக சல்ஃபைடு தூளோடு நிஜ ரேடியத்தைக் கலந்தார்கள். பிறகு அதை விட்டு, கதிர் வீசும் ஹைட்ரஜன் வகையான டிரிட்டியத்துக்கு மாறினார்கள். உள்ளிருந்து வரும் கதிர் இடித்து இடித்தே தூளுக்கு ஒளிரும் சக்தி போகிறது, நிறமும் பழுக்கிறது. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12 வருஷம் சொச்சம். ரேடியத்துக்கோ 1600 வருஷம். ஒளி செத்தாலும் அது சாகாது என்பதால்தான் பழைய டயலைச் சுரண்டாதே என்கிறார்கள். 90களில் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கதிர் வீசாது. விளக்கு வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் கக்கும். நல்ல பொருள்தான். 40 வருஷத்துப் பழுப்பை 9 நாளில் கேட்டால் அது என்ன செய்யும்?

இரண்டாவது செட்டுக்கு மஞ்சள்தூள். யோசனை என்னுடையதுதான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. டிகாக்‌ஷன் ஒட்டாத இடத்தில் மஞ்சள் ஒட்டியது. ஒட்டியது என்றால், சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைத்த சுத்தியல் மாதிரி ஒட்டியது. நெய் நிறம் கேட்டால் மாம்பழ நிறம் தந்தது. அதிகமாகிவிட்டதே, கொஞ்சம் வெளுக்கட்டும் என்று சோப்புத் தண்ணீரில் முக்கினேன். முள் சிவந்துவிட்டது!

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான் என்பது மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "வாட்சுக்குத் திருஷ்டி கழிச்சாச்சு, வாசல்ல ஊத்திடுங்க" என்றாள் மனைவி. இரண்டாவது செட்டும் போயிற்று.

மூன்றாவது செட்டைத் தொடவே பயமாக இருந்தது. நாலாம் வகுப்பு படிக்கிற என் மகள் வாட்டர்கலர் பெட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லென்ஸை வாங்கி டயலைப் பார்த்தாள். "அப்பா, இது மஞ்சள் இல்ல. இதுல கொஞ்சம் பச்சை இருக்கு" என்றாள். திரும்பப் பார்த்தேன். ஆமாம், இருக்கிறது. பழைய 3க்கும் 9க்கும் உள்ளே பாசி படிந்த சுவர் போல ஒரு மங்கல் பச்சை. இரண்டு நாள் உற்றுப் பார்த்தவனுக்கு அது தெரியவே இல்லை.

காவி மஞ்சளில் ஒரு துளி பழுப்பு, ஊசிமுனை அளவு பச்சை, தண்ணீர் அநேகமாக இல்லை. குழைத்தது அவள், முள்ளை ட்வீசரில் பிடித்துக்கொண்டது நான். பல்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தாள். காய்ந்ததும் ஊதுபத்திச் சாம்பலை விரலால் ஒரு தடவு. பளபளப்பு அடங்கியது. டயல் மேல் வைத்தால் முள் எது, எண் எது என்று வித்தியாசமே இல்லை. நாற்பது வருஷமாக ஒன்றாகக் குடித்தனம் நடத்தியது போல இருந்தன. முட்களைப் பொருத்துவதை மட்டும் வாட்ச் கடைக்காரரிடம் விட்டுவிட்டேன். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு, "முள்ளும் ஒரிஜினல்தான் சார்" என்றார். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா வந்தார். வாட்சைக் கையில் வாங்கி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். "அழுக்கு உள்ளே இருக்கு போல. நீ சர்வீஸ் பண்றேன்னு சொன்னியே?"

மழையில் பாலித்தீன் பை சுற்றி, வெயிலில் டயலை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டி, அதைப் புதுசாகவே வைத்திருக்கப் பாடுபட்ட மனிதரிடம் ஃபாக்ஸ்டினாவைப் பற்றி என்ன சொல்வது? "பண்ணியாச்சுப்பா, அது வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அன்று இரவு ஒன்றரை மணி இருக்கும். பக்கத்து அறையிலிருந்து குரல். "டேய், இங்க வா." போனேன். அப்பா போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தலையை நுழைத்தேன். பூச்சுக்கு அடியில் இருந்த புது ரேடியம் மங்கலாக ஒளிர்ந்தது. டயல் எண்களில் ஒளி செத்துப் பல காலம். ஆக, கும்மிருட்டில் இரண்டு பச்சைக் குச்சிகள் மட்டும் தனியாக மிதந்தன.

"முள்ளு தெரியுது. 12 எங்கடா?"

என்னிடம் பதில் இல்லை. காலையில் தாத்தாவும் பேத்தியும் ஏதோ ரகசியமாகப் பேசினார்கள். கத்தரிக்கோல் எடுத்துப் போனதைப் பார்த்தேன். மத்தியானம் அப்பா சாய்வு நாற்காலியில் தூங்கும்போதுதான் கவனித்தேன். அவள் அறையின் கூரையில் ஒட்டியிருந்த ஒளிரும் நட்சத்திரங்களில் ஒன்றைக் காணோம். அது சிறிதாக வெட்டப்பட்டு, வாட்ச் கண்ணாடியின் மேல், 12க்கு நேராக, ஃபெவிக்விக்கில் உட்கார்ந்திருந்தது.

இப்போது தினமும் ராத்திரி, யாரும் கேட்காமலே, பக்கத்து அறையிலிருந்து அறிவிப்பு வருகிறது: "மணி மூணேகால்."