தலையணையும் காலரும்

கழுத்துத் தீக்காயம் ஆறி, தழும்பு இறுகி, தாடை நெஞ்சோடு ஒட்டிய நிலையில் யாராவது வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தலையணைதான். காயம் ஆறும் நாட்களில் தலையை உயர்த்திக் கழுத்தைக் குனிந்தாற்போல் வைத்துக்கொண்டால் வலி குறையும், பார்க்க வருகிறவர்களும் பாசத்தில் இன்னொரு தலையணையைச் செருகிவிட்டுப் போவார்கள். வலி குறைகிற அந்த நிலையிலேயே தோல் சுருங்கி நின்றுவிடும்.

அப்படி வந்த ஒரு பெண்ணுக்குக் கீழுதடு வெளியே மடிந்து தொங்கியது. எச்சில் நிற்காது, கையில் எப்போதும் கைக்குட்டை. மேலே பார்க்க இடுப்போடு சேர்ந்து பின்னால் சாய்வார்.

தழும்பை வெட்டிக் கழுத்தை விடுவிக்கும் இந்த அறுவைச் சிகிச்சையில், அதைச் செய்யும் எங்களைவிட அதிகம் பயப்படுபவர் மயக்க மருத்துவர். கழுத்து நிமிராமல் மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் போடுவது எப்படி? அன்று மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்தப் பெண் விழித்திருக்கும்போதே தழும்பைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்திய பிறகுதான் குழாயே போனது. அப்புறம் தசை வரை இறங்கி விடுவிக்க விடுவிக்க, தலை மெல்லப் பின்னால் போனது, கழுத்தில் இரண்டு உள்ளங்கை அளவுக்கு வெறும் சதை திறந்தது. இவ்வளவு தோல் குறைந்திருந்ததா என்று பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். மெல்லிய கயிறு மாதிரித் தழும்பென்றால் இசட் வடிவில் வெட்டி மாற்றித் தைத்தால் போதும். இங்கே தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினோம். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். ஒட்டிய தோலும் சுருங்கும், மாதக்கணக்கில் இரவும் பகலும் கழுத்துக் காலர் போட வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒருவரிடம் இதை நான் சரியாகச் சொல்லவில்லை. "காலர் போடுங்கள்" என்று ஒரே வரி. நான்கு மாதத்தில் அவர் மறுபடி குனிந்த தலையோடு வந்து நின்றார், தப்பு முழுக்க என்னுடையது. அதற்கப்புறம் காலரைப் பற்றிப் பேசாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அந்தப் பெண் ஆறாம் மாதம் வந்தார். கைக்குட்டை இல்லை. காலரைக் கழற்றி மேசையில் வைத்தார். தாடை பதியும் இடத்தில் பஞ்சு தேய்ந்து, உள்ளே பிளாஸ்டிக் தெரிந்தது. வேறொன்று செய்து தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.