ஃபிஃபா 'தி பெஸ்ட்' விருதுக்கு ஓட்டுப் போடுவது: தேதியைப் பார்ப்பதில் தொடங்கி முடிவைப் படிப்பது வரை

பரிந்துரைப் பட்டியல் வெளியான அன்றே "பாலன் டோருக்கு எங்கே ஓட்டுப் போடுவது?" என்ற கேள்வி கிளம்பிவிடும். போட முடியாது. பிரெஞ்சு கால்பந்து இதழ் ஒன்று ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் விருதான பாலன் டோரை முடிவு செய்பவர்கள் பத்திரிகையாளர்கள் மட்டுமே. ஆண்கள் விருதுக்கு ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளில் இருந்து நாட்டுக்கு ஒருவர். அந்த 100க்கு வெளியே இருக்கும் நாட்டுக்கு அதில் குரலே கிடையாது. ரசிகர் ஓட்டு எண்ணப்படுவது, ஆண்டின் சிறந்த வீரர், பயிற்சியாளர், கோல் என ஃபிஃபா தரும் 'தி பெஸ்ட்' விருதுகளில்தான். 2010 முதல் 2015 வரை ஃபிஃபாவின் விருதும் பாலன் டோரும் ஒரே விருதாக இருந்தன, பிறகு பிரிந்தன. இன்றுவரை நீடிக்கும் குழப்பத்துக்கு அதுவே காரணம்.

ஓட்டு ஃபிஃபா தளத்தில் மட்டும்தான். சமூக ஊடகங்களில் நடக்கும் கருத்துக்கணிப்புகள் எதுவும் கணக்கில் வராது. முதலில் தளத்தில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் உறுதிப்பாட்டை முடிக்காமல் விட்டுவிட்டு, கடைசி இரவில் லாகின் ஆகவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். மடல் வரவில்லையென்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். ஓட்டுப்பதிவு தொடங்கும் நாளிலேயே கணக்கைத் தயார் செய்துகொள்வது நல்லது, பெயர்களைப் பிறகு ஆற அமர யோசிக்கலாம்.

பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியது கணக்கில் எடுக்கும் காலம். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். விருதின் பெயரில் இருக்கும் ஆண்டும் மதிப்பிடப்படும் காலமும் ஒன்றல்ல. 2022 விருதுக்கு ஆண்கள் பிரிவில் 2021 ஆகஸ்ட் 8 முதல் 2022 டிசம்பர் 18 வரை கணக்கு. கத்தார் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்த நாளோடு அது முடிந்தது. 2023 விருதுக்கான காலம் அடுத்த நாளே, டிசம்பர் 19இல் தொடங்கி 2023 ஆகஸ்ட் 20 வரை. ஆக, மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியது 2023 கணக்கில் வரவே கூடாது. அமெரிக்காவின் இன்டர் மயாமி அணியோடு அவர் வென்ற லீக்ஸ் கோப்பையின் இறுதிப் போட்டி ஆகஸ்ட் 19, அது உள்ளே வந்துவிடும். 2024 விருதுக்கு 2023 ஆகஸ்ட் 21 முதல் 2024 ஆகஸ்ட் 10 வரை. ஓட்டுப் போடுவதோ நவம்பர், டிசம்பரில். நேற்று அடித்த ஹாட்ரிக் மனதில் நிற்கும், ஆனால் அது கணக்கில் இல்லை. ஒரு தாளில் தொடக்க நாளையும் முடிவு நாளையும் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குள் யார் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே நேர்மையான வழி.

அடுத்தது வரிசை. மூன்று பெயர்கள் தர வேண்டும்: முதல் பெயருக்கு 5 புள்ளி, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 1. பிடித்தவரை மேலே வைத்துவிட்டு மற்ற இரண்டு இடங்களை ஏனோதானோ என்று நிரப்புகிறவர்கள் உண்டு. அது பெரிய இழப்பு. ஏன் என்று புரிய, எண்ணும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டுப் போடுபவர்கள் நான்கு குழுக்கள்: தேசிய அணி கேப்டன்கள், தேசிய அணிப் பயிற்சியாளர்கள், நாட்டுக்கு ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர், ரசிகர்கள். ஒரு குழுவில் சில நூறு பேர் இருந்தாலும் சில லட்சம் பேர் இருந்தாலும் எடை ஒன்றுதான், தலா 25 சதவீதம். நாடுகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இல்லை. பிரேசில் கேப்டனின் ஓட்டும் இந்திய கேப்டனின் ஓட்டும் சமம். ஒவ்வொரு குழுவிலும் 5-3-1 புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். பிறகு அந்தக் கூட்டுத்தொகையை ஓரமாக வைத்துவிட்டு இடத்துக்கு மட்டும் மதிப்பெண் தருவார்கள்: முதல் இடத்துக்கு 13, இரண்டாவதற்கு 11, மூன்றாவதற்கு 9, நான்காவதற்கு 8. நான்கு குழுவிலும் முதலிடம் என்றால் 52. 2020இல் லெவன்டோவ்ஸ்கியும் 2022இல் மெஸ்ஸியும் அந்த 52ஐத் தொட்டார்கள்.

இதன் விளைவை 2023 முடிவில் தெளிவாகப் பார்க்கலாம். பத்திரிகையாளர் குழுவில் ஹாலண்ட் 729 புள்ளி, மெஸ்ஸி 315. இரு மடங்குக்கும் மேல். ஆனாலும் மதிப்பெண்ணில் 13க்கு 11, வித்தியாசம் வெறும் 2. பயிற்சியாளர் குழுவிலும் ஹாலண்ட் முதலிடம். கேப்டன்களும் ரசிகர்களும் மெஸ்ஸியை முதலில் வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு 13, இரண்டு 11. மொத்தம் 48, 48. சமன் ஆனால் என்ன செய்வது என்று விதியில் இருக்கிறது: கேப்டன்களிடம் அதிக முதல் தேர்வுகளைப் பெற்றவருக்கே விருது. மெஸ்ஸிக்கு 107, ஹாலண்டுக்கு 64. விருது மெஸ்ஸிக்குப் போனது. 2022-23 சீசனில் மான்செஸ்டர் சிட்டிக்காக 52 கோல் அடித்து மூன்று பெரிய கோப்பைகளை வென்றவர் ஹாலண்ட். எங்கள் கணக்கில் அந்த முடிவு தவறுதான். உலகக் கோப்பையின் நினைவு காலக்கோட்டைத் தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டது.

இதிலிருந்து ரசிகர் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ரசிகர் குழுவில் முதலிடம் ஏற்கெனவே ஒருவருக்கு உறுதி என்றால், அவருக்கு இன்னும் ஒரு லட்சம் ஓட்டுக் குவிந்தாலும் 13, 13தான். மாறக்கூடியவை கீழே உள்ள இடங்கள். 11ஆ 9ஆ என்பது உங்கள் இரண்டாவது, மூன்றாவது பெயர்களில் தீர்மானமாகலாம். போட்டியாளரை வேண்டுமென்றே பட்டியலில் இருந்து நீக்கும் பழக்கமும் இருக்கிறது. அதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. 2023இல் பிரான்ஸ் கேப்டன் எம்பாப்பே தன் முதல் ஓட்டை மெஸ்ஸிக்குப் போட்டார், மெஸ்ஸி ஹாலண்டுக்குப் போட்டார். களத்தில் இருப்பவர்களுக்கே அந்தப் பெருந்தன்மை இருக்கிறது.

சிறந்த பயிற்சியாளர் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். 2024இல் ஆண்கள் அணிப் பயிற்சியாளர் பட்டியலில் ஐந்தே பேர், அவர்களில் மூவரை வரிசைப்படுத்த வேண்டும். பட்டியல் சிறியது என்பதால் ஐந்து பேரின் வேலையையும் ஒழுங்காக ஒப்பிட நேரம் கிடைக்கும். அந்த ஆண்டு வென்றவர், அப்போது ரியல் மாட்ரிட் பயிற்சியாளராக இருந்த அன்செலோட்டி.

புஷ்காஷ் விருதுக்கு, அதாவது ஆண்டின் சிறந்த கோலுக்கு, கணக்கு வேறு: பாதி ரசிகர்கள், பாதி ஃபிஃபா அமைக்கும் முன்னாள் வீரர்கள் குழு. முன்பு முழுக்க ரசிகர் கையில் இருந்தது. 2016 விருதில் மலேசியாவின் பினாங்கு அணி வீரர் ஃபயிஸ் சுப்ரியின் வளைந்து இறங்கிய ஃப்ரீ கிக் 59.46 சதவீத ஓட்டோடு வென்றது அந்த முறையில்தான். இந்த விருதை வென்ற முதல் ஆசியர் அவர். 2018இல் எகிப்து வீரர் சாலாவின் கோல் வென்றபோது, அதைவிட நல்ல கோல்கள் இருந்தனவே என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. முறை மாறியது அதன் பிறகு. இந்தப் பிரிவில் ஒரே ஆலோசனை: பட்டியலில் உள்ள எல்லாக் காணொளிகளையும் முழுதாகப் பாருங்கள். பெரிய பெயரைக் கண்டதும் அழுத்திவிட்டால் சிறிய லீக்குகளின் அற்புதங்கள் அடிபட்டுப் போகும்.

கேப்டன், பயிற்சியாளர் ஓட்டிலும் தவறு நடக்கிறது. 2019இல் எகிப்தின் கேப்டன், பயிற்சியாளர் இருவரின் ஓட்டும் எண்ணப்படவில்லை. கையெழுத்துகள் பெரிய எழுத்துகளில் இருந்ததால் செல்லாதவைபோலத் தெரிந்தன, எகிப்து கால்பந்துச் சங்கப் பொதுச்செயலாளரின் கட்டாயக் கையொப்பமும் இல்லை என்று ஃபிஃபா விளக்கம் தந்தது. சாலாவுக்குப் போயிருக்கக்கூடிய புள்ளிகள் ஒரு படிவத்தில் நின்றுபோயின.

கடைசி நேரக் கணக்கு மிக முக்கியம். மத்திய ஐரோப்பாவில் இரவு 11:59க்கு மூடினால், குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மறுநாள் அதிகாலை 4:29, மலேசியா, சிங்கப்பூருக்குக் காலை 6:59. கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் மூன்று பெயர்களின் வரிசையை ஒருமுறை சரிபாருங்கள். கைபேசியில் பெயர் இடம் மாறி விழுந்தால் கவனிப்பது கடினம்.

விழா முடிந்ததும் ஃபிஃபா ஒரு பிடிஎஃப் வெளியிடும். ஒவ்வொரு நாட்டின் கேப்டன், பயிற்சியாளர், பத்திரிகையாளர் யாருக்கு 5, யாருக்கு 3, யாருக்கு 1 போட்டார் என்று பெயரோடு இருக்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வரிகளைத் தேடி உங்கள் மூன்று பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு குழுவாரி மதிப்பெண்களை எடுத்து, 13 எங்கே விழுந்தது, 9 எங்கே விழுந்தது என்று நீங்களே கூட்டுங்கள்.