பதில் வராத கத்தரிக்காய்க் கேள்வி

ஒட்டன்சத்திரத்துக்கு அருகே என் பெரியப்பா அரை ஏக்கரில் கத்தரி வைத்திருக்கிறார். சென்ற மாதம் அவருடன் காய் பறிக்கப் போனபோது, வாடித் தொங்கிய ஒரு குருத்தைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே வெளிர் சிவப்பில் ஒரு புழு நெளிந்தது. தண்டையோ காயையோ துளைத்து உள்ளே போய்விட்ட புழுவின்மேல் எந்த மருந்தும் படாது என்பதால், அதற்கு முன்பே கொன்றுவிட வேண்டும் என்று காய்ப்புப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு முறைகூட மருந்து அடிக்கிறார். வீட்டுச் சமையலுக்காக வரப்போரம் பத்துச் செடிகளை மருந்து அடிக்காமல் தனியே விட்டிருக்கிறார். அவற்றில் பாதிக் காய் சொத்தை.

இந்தப் புழுவுக்காகத்தான் பி.டி. கத்தரி வந்தது. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்துவிட்டால், புழுவின் குடலைத் தாக்கும் புரதத்தைச் செடியே உருவாக்கிக்கொள்ளும். 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு இசைவு தந்தது. எதிர்ப்பு வலுக்கவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அனுமதியை நிறுத்திவைத்தார்.

அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களைக் கொண்ட கத்தரியின் தாயகத்தில், விதை விற்கும் நிறுவனமே முன்னின்று நடத்திய சோதனைகளை நம்பித் தட்டில் பரிமாறச் சொன்னால் மக்கள் தயங்கத்தான் செய்வார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால், பொதுமக்களும் அறிவியலாளர்களும் ஏற்கும்படி சார்பற்ற ஆய்வுகள் முடியும் வரைதான் தடை என்று அன்று சொல்லப்பட்டது. அத்தகைய ஆய்வுகளை அரசே முன்னின்று நடத்தி முடிவுகளை மக்கள் முன் வைத்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நடக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

நம்மூரில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ 2, எம்.டி.யு. 1 போன்ற தன் ரகங்களில் இதே மரபணுவைச் சேர்த்திருந்தது. அவை வீரிய ஒட்டு ரகங்கள் அல்ல என்பதால் விவசாயி விதையை எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம். 'விதை கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும்' என்ற நியாயமான அச்சம் இவற்றுக்கு அதே அளவில் பொருந்தாது. இந்த வேறுபாடுகூட நம் விவாதங்களில் எழாமலே போயிற்று. வங்கதேச அரசு 2013-இல் அனுமதி தந்து, 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. இங்கோ, 2019-இல் ஹரியானாவில் யாருடைய அனுமதியும் இல்லாமல் பயிரிட்டிருந்த பி.டி. கத்தரியைக் கண்டுபிடித்து அழித்தார்கள். அரசு முடிவெடுக்காத இடத்தில் விதை திருட்டுத்தனமாக நுழைகிறது. 2020-இல் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் உள்நாட்டுப் பி.டி. கத்தரியைக் களச்சோதனை செய்ய மத்தியக் குழு ஒப்பியது. ஆனால் மாநில அரசின் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு பாத்திகூடப் போட முடியாது.

மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தாலும், மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து மரபணு மாற்றப் பயிர்களுக்கான தேசியக் கொள்கை ஒன்றை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். 2010-இல் கருத்துக் கேட்ட ஏழு நகரங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. இம்முறையாவது ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில், தமிழில், ஏலம் முடிந்த பிற்பகலில் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். மருந்து படாத பத்துச் செடிகளை ஏன் தனியே விட்டார் என்பதை என் பெரியப்பா அங்கே சொல்வார்.