எத்தனை மோல் என்பதற்கு முன், எதன் மோல்?

வேதியியல் தொடக்கப் பாடத்தில் சறுக்கியவர்களின் விடைத்தாளைப் பார்த்தால், பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பு அதற்கு முந்தைய வரியில், ஏதோ ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும். "ஒரு மோல் ஆக்சிஜனின் நிறை என்ன?" என்று கேட்டால் ஒருவர் 16 கிராம் என்பார், மற்றவர் 32 கிராம் என்பார். இருவர் மீதும் குறையில்லை, கேள்விதான் அரைகுறை. ஆக்சிஜன் அணுக்களா, இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளா என்று சொல்லாமல் மோலைப் பற்றிப் பேசவே முடியாது.

மோல் எடை அல்ல, எண்ணிக்கை. டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.02214076 × 10²³. "ஒரு டஜன் கொடு" என்று மட்டும் சொன்னால் "எதில்?" என்று கேட்போமே, அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணுக்களோ அத்தனை என்பது பழைய வரையறை. 2019 மே 20 முதல் மேலே உள்ள எண்ணே வரையறை. பாடக் கணக்குகளில் இதனால் எதுவும் மாறாது. யாருடைய பெயரால் இந்த எண் அழைக்கப்படுகிறதோ, அந்த இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோவுக்கே இந்த எண் தெரியாது. அவர் இறந்தது 1856-ல். மூலக்கூறின் அளவை ஆஸ்திரிய அறிவியலாளர் லோஷ்மிட் கணித்ததே 1865-ல்தான். 'அவகாட்ரோ எண்' என்ற பெயரை பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரான் முன்வைத்தது 1909-ல்.

"எதன்?" என்ற கேள்வியை விட்டால் என்ன ஆகும் என்பதை ஆய்வக மேசையில் பார்ப்பதுதான் நல்லது. 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் உள்ள காப்பர் சல்பேட் கரைசல் 250 மில்லி வேண்டும். 0.1 × 0.25 = 0.025 மோல். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. அடுத்து மோலார் நிறை, அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்பது. புட்டியில் இருப்பது வெள்ளைத் தூள் என்றால் அது நீரற்றது, 159.6. நீலப் படிகம் என்றால் ஒவ்வொரு காப்பர் சல்பேட் அலகோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன, 249.7. நீலப் படிகத்தில் 6.24 கிராம் நிறுக்க வேண்டும். 159.6-ஐப் போட்டு 3.99 கிராம் நிறுத்தவர் கையில் இருப்பது 0.064 மோலார் கரைசல். அதுவும் அழகான நீலமாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே தராசைத் தொடுமுன் புட்டியின் லேபிளில் எந்த வாய்பாடு, எந்த மோலார் நிறை என்று படியுங்கள்.

நிறுத்ததை பீக்கரில் 100 மில்லி போல் காய்ச்சி வடித்த நீர் விட்டு முழுக்கக் கரைக்க வேண்டும். பிறகு புனல் வைத்து 250 மில்லி திட்டக் குடுவைக்கு (கழுத்தில் 250 மில்லிக்கான குறி உள்ள குடுவை) மாற்ற வேண்டும். பீக்கர், கண்ணாடிக் குச்சி, புனல் மூன்றையும் இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டு அலசி, அந்த நீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். பிறகு மேலும் நீர் விட்டு, குறிக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்ததும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கண் குறியின் மட்டத்தில் இருக்க, நீர்மப் பரப்பின் அடிவளைவு குறியைத் தொட வேண்டும். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறைந்தது பத்துப் பதினைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். இதைச் சோம்பலால் விட்டால் அடியில் ஒரு செறிவு, மேலே ஒரு செறிவு.

250 மில்லி நீரை அளந்து ஊற்றி அதில் உப்பைப் போடுவது வேறு கரைசல். மோலாரிட்டி ஒரு லிட்டர் கரைசலுக்கான கணக்கு, ஒரு லிட்டர் நீருக்கானது அல்ல. குறியைத் தாண்டிவிட்டால் மிகுந்ததை உறிஞ்சி எடுப்பதில் பயனில்லை, நீரோடு உப்பும் போய்விடும். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி. சோடியம் ஹைட்ராக்சைடு போலக் கரையும்போது சூடேறும் பொருளாக இருந்தால், ஆறிய பிறகே குறி வரை நிரப்ப வேண்டும். சூட்டோடு நிரப்பினால் குளிர்ந்ததும் பருமன் சுருங்கிக் குறிக்குக் கீழே இறங்கிவிடும்.

திட்டக் குடுவையின் உட்புறம் வடித்த நீரால் ஈரமாக இருக்கலாமா என்று பலருக்கும் சந்தேகம் வரும். தாராளமாக இருக்கலாம். மோல்கள் தராசிலேயே முடிவாகிவிட்டன, நீர் எப்படியும் சேரப்போகிறது. கரைசலை அளந்து விடப் பயன்படும் பியூரெட்டும் பிப்பெட்டும் அப்படியல்ல. அவற்றில் ஊற்றும் கரைசலின் செறிவு மாறக்கூடாது, எனவே அந்தக் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். தரம் பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவிட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறிவது) வினை நடக்கும் கூம்புக் குடுவையை மட்டும் கரைசலால் அலசவே கூடாது. பிப்பெட்டில் அளந்து விட்ட மோல்களுக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்துவிடும். எங்கே மோல் மாறக்கூடாது, எங்கே செறிவு மாறக்கூடாது என்று பார்த்தால் இந்த மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு சொற்குழப்பம் 'வலிமை', 'அடர்' இரண்டுக்கும் நடுவே. அமிலத்தின் வலிமை என்றால் அது நீரில் எவ்வளவு பங்கு அயனியாகிறது என்பது. அடர்வு என்றால் ஒரு லிட்டரில் எவ்வளவு இருக்கிறது என்பது. நீர் கலக்காத அசெட்டிக் அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 17 மோல், ஆனாலும் அது வலிமை குறைந்த அமிலமே. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிக்கது, ஆனால் மிகவும் நீர்த்தது. நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். அடர் சல்பியூரிக் அமிலத்தில் நீரை ஊற்றினால், கிளம்பும் வெப்பத்தில் மேலே மிதக்கும் நீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும்.

ஒரு மோலின் பருமன் என்று சொல்லப்படும் 22.4 லிட்டரும் இப்படித்தான் இடம் தெரியாமல் பயன்படுகிறது. அது வாயுவுக்கு, 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். 25 டிகிரியில் 24.5 லிட்டர். திரவ நீருக்கு 22.4 போடுபவர்கள் உண்டு. ஒரு மோல் திரவ நீர் வெறும் 18 மில்லி!

சமன்பாட்டின் முன் வரும் எண்கள் மோல்கள், கிராம்கள் அல்ல. இரண்டு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறு சேர்ந்தால் இரண்டு மோல் நீர். மூன்று மோல் இரண்டாகிவிட்டதே என்று பதற வேண்டாம். மாறாமல் இருப்பது நிறை, மோல் அல்ல. 10 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால்? 5 மோல் ஹைட்ரஜன், 0.3125 மோல் ஆக்சிஜன். முதலில் தீர்வது ஆக்சிஜன், அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. கிடைப்பது 0.625 மோல் நீர், 11.25 கிராம். மீதம் 8.75 கிராம் ஹைட்ரஜன். இரண்டையும் கூட்டினால் 20 கிராம் வரவேண்டும். வராவிட்டால் 10 கிராம் ஆக்சிஜனை 32-க்குப் பதில் 16-ஆல் வகுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.