மே 25, தோளில் டவல்

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் ரசிகர்கள் வருஷா வருஷம் மே 25 அன்று ஒரு டவலோடு வெளியே கிளம்புவார்கள். பார்க்கிறவர்கள் "எதுக்குங்க இது?" என்று கேட்க வேண்டும், உடனே நாம் அவர் புகழ் பாட வேண்டும், அதுதான் ஏற்பாடு. 2001 மே 11இல், 49 வயதிலேயே மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஆரம்பித்த வழக்கம். லண்டனில் எடுபடும். நான் கடைப்பிடித்தது மன்னார்குடியில்.

கத்திரி வெயில். பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் தோளில் துண்டு, மீதிப் பேர் தலையில். இவர்களிடையே நான் என்ன விசேஷம்? கும்பகோணம் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாக நாலைந்து துண்டுகள் உள்ளே பறந்து சீட்டுப் பிடித்தன. நானும் வீசினேன். என்னுடையது பூப்போட்ட டர்க்கி டவல். அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, குளிக்கப் போறீங்களா?"

அன்று எனக்குக் கிடைத்த ஒரே கேள்வி அது.

வலங்கைமானில் இறங்கி, பெரியப்பாவைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொன்னேன். 1978இல் பிபிசி வானொலியில் நாடகமாக வந்து, அடுத்த வருஷம் நாவலானது 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி'. அண்டவெளியில் ஊர் சுற்றுகிறவனுக்கு டவலைவிட உபயோகமான சாமான் கிடையாது என்கிறது அதில் வரும் வழிகாட்டி நூல். போர்த்திக்கொள்ளலாம், விரித்துப் படுக்கலாம். ஒரு அசட்டு மிருகம் இருக்கிறது. நீங்கள் டவலால் முகத்தை மூடிக்கொண்டால், அதை நீங்கள் பார்க்கவில்லை, ஆகவே அதுவும் உங்களைப் பார்க்கவில்லை என்று நம்பிவிடும்.

"வட்டிக்காரங்கிட்ட அது பலிக்காதுடா. முக்காட்டோட சேத்துப் பிடிப்பான்" என்றார் பெரியப்பா.

சரி என்று கதையில் வரும் பைபாஸுக்கு வந்தேன். விண்வெளி பைபாஸ் போடுவதற்காகப் பூமியையே இடிக்க வருகிறார்கள். மக்கள் அலறினால், "வரைபடத்தை ஆல்ஃபா சென்டாரியில ஐம்பது வருஷமா பார்வைக்கு வச்சிருக்கோமே, ஏன் ஆட்சேபணை சொல்லலை?" என்கிறார்கள். எந்த ஊரில் சொன்னாலும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"நோட்டீஸ் ஒட்டியிருக்கான்ல? நஷ்டஈடு எவ்வளவு?"

கடைசி அஸ்திரம் 42. வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்கும் விடை கேட்க, ஒரு ராட்சசக் கம்ப்யூட்டர் 75 லட்சம் வருஷம் யோசித்து 42 என்கிறது. கேள்வி என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"நமக்கும்தான் 1990ல காவிரிக்கு நடுவர் மன்றம் வச்சு 2007ல 419 டிஎம்சின்னாங்க. 2018ல சுப்ரீம் கோர்ட் அதையும் 404.25ன்னுது. கால்வாசிக்கெல்லாம் துல்லியமா கணக்குப் போட்டிருக்காங்க பாரு. தண்ணி எப்ப வரும்னு மட்டும் கேக்கக்கூடாது."

பேச்சை மாற்ற, ஆடம்ஸ் எழுதிய லட்சணத்தைச் சொன்னேன். கெடு தாண்டாமல் எழுதிப் பழக்கமே இல்லாத மனிதர். நாலாவது நாவலை வாங்க, பதிப்பாசிரியர் அவரை ஓட்டல் அறையில் அடைத்துக் கூடவே காவல் இருந்தார்.

"சோறு போட்டாங்களா?"

"ஓட்டல்தானே பெரியப்பா, போட்டிருப்பாங்க."

கொஞ்ச நேரம் என் டர்க்கி டவலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்தாளு எந்த ஊரு?"

"கேம்பிரிட்ஜ்."

"ஆறு இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி?"

"வருஷம் பூரா ஓடும். படகு விடுவாங்க."

"பின்ன எப்படிடா இதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சுது?"